ஆளில்லாத வீட்டுக்கு நான்கு பேர்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். என் வலது காது மட்டும் முழுசாக ஓய்வு வாங்கிக்கொண்டது. இடது காது அரைச் சம்பளத்தில் ஓடுகிறது. முப்பத்தைந்து வருஷம் லேத் மெஷின் பக்கத்தில் நின்றவனுக்கு இவ்வளவு மிஞ்சியதே பெரிது. போனில் நீ கத்துவதும் நான் "என்ன, என்ன" என்பதும் உன் அலுவலகம் முழுக்கக் கேட்கிறதாமே. அதனால் இனிமேல் கடிதம்தான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையை விற்கப்போகிறேன். நீ சொல்லி, உங்கள் மாவட்டத்தின் மேற்குப் புறக் குடியிருப்பில் வாங்கிய வீட்டுக்கு மூன்றாவது தவணையும் கட்டியாகிவிட்டது. பட்டறைக் காசு வந்தால் மீதியும் கட்டிவிடுவேன். ஆகஸ்ட் கடைசியில் வீடு கைக்கு வருமாம். மாமா போய் இரண்டு வருஷம் ஆகிறது. நீ அத்தனை பெரிய வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பதினைந்து நிமிஷத் தூரத்தில் இருந்தால் தினமும் வந்து சண்டையாவது போடலாம்.

என் மனைவியை, அதாவது நீ பேர் வைத்த வக்கீலம்மாவை, இன்னும் சமாதானப்படுத்த முடியவில்லை. "அங்க மனுஷங்க இருக்காங்களா, இல்ல விளம்பரப் படத்துல மட்டுந்தானா?" என்று கேட்கிறாள். "எங்க அக்கா அந்த மாவட்டத்துக்கே நிதி இயக்குநர். அவ சொன்னா அரசாங்கமே சொன்ன மாதிரி" என்றேன். வாயை மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரத்துக்கு என்பது வேறு கதை.

உன் செவிட்டுத் தம்பி


ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன். நீ முதலில் காது டாக்டரிடம் போ. "போறேன், போறேன்" என்று ஆறு மாதம் ஓட்டாதே. என்றைக்குப் போகிறாய் என்று தேதி போட்டு எழுது.

பட்டறையை முதலில் வருகிறவனுக்குக் கொடுத்துவிடாதே. பெரிய லேத்தைத் தனியாக விற்றால்தான் விலை கிடைக்கும். முழுப் பணமும் வாங்காமல் சாவியைக் கொடுக்காதே. பேசும்போது வக்கீலம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள். நீ மட்டும் பேசினால் மெஷினையும் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்புவாய்.

அவளுக்கு என் பதில் இது. மனுஷர்கள் இருக்கிறார்கள். ஆறு வருஷத்தில் மேற்குப் புறத்தில் மட்டும் முப்பத்தோராயிரம் புது வீடு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது. நடுவில் எத்தனை பேர் வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் குடிநீரை வைத்துக் கணக்குப் பார்க்கிறேன். தண்ணீர் செலவாகிற இணைப்பு ஒன்றுக்கு நான்கு பேர். இதைக் கற்றுக்கொண்டு போக வேறு மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். இந்தக் கணக்கை நம்பித்தான் பதினான்கு பள்ளிக்கூடம், ஒரு கழிவுநீர் நிலையம், இரண்டு பாலம் எல்லாவற்றுக்கும் கடன் பத்திரம் வெளியிட்டோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் யாராவது ஒருவர் என் மேஜைக்கு எதிரே நின்று இன்னொரு பள்ளிக்கூடம் கேட்கிறார். ஊர் வளருகிற வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருக்கிறது.

ஒரு வேலை இருக்கிறது. உன் மனை எண்ணையும் பத்திர நகலையும் அனுப்பு. சொந்தக்காரர்களுக்கு மாவட்டத்தில் சொத்து இருந்தால் அலுவலகப் பதிவேட்டில் நான் எழுதிவைக்க வேண்டும். வாங்கினாலும் எழுத வேண்டும், விற்றாலும் எழுத வேண்டும். மறந்துவிடாதே.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

காது டாக்டரிடம் போன மாதம் 29ஆம் தேதி போனேன். தேதி போட்டுவிட்டேன், போதுமா? பெரிய விலை மெஷின் ஒன்றை மாட்டிக்கொள்ளச் சொன்னார். வக்கீலம்மா பேசுவது இன்னும் தெளிவாகக் கேட்கும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மனை எண், பத்திர நகல் இத்துடன் இருக்கின்றன. உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன். "உங்க அக்கா எழுதுனது லெட்டரா, சர்க்குலரா?" என்றாள். ஆனாலும் அந்த நான்கு பேர் கணக்கு அவளுக்குப் பிடித்துவிட்டது. எங்கள் தெருவில் நாற்பத்தாறு வீடு என்று படத்தில் எண்ணி, "அப்போ நூத்தி எண்பத்தி நாலு பேர். யாராவது ரெண்டு பேராவது என்கூடப் பேச மாட்டாங்களா?" என்கிறாள்.

பெரிய லேத்துக்கு ஆள் வந்திருக்கிறது. நீ சொன்னபடி தனியாகத்தான் விலை பேசுகிறேன். பட்டறை வாசலில் நின்று கொஞ்சம் அழுதேன். இதை நீ யாரிடமும் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதம். பட்ஜெட் வேலை. நான் நலம்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டைப் போய்ப் பார்த்தேன். கூரை முடிந்துவிட்டது. ஜன்னல்கள் பொருத்திவிட்டார்கள். பூச்சு நன்றாக இருக்கிறது. தண்ணீர் இணைப்பு வந்துவிட்டது. தெரு அமைதியாக இருக்கிறது. முக்கால் மணி நேரம் இருந்தேன்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குக் காய்ச்சலா? உன் கடிதத்தில் ஒரு திட்டுகூட இல்லை. காது மெஷின் வாங்கினாயா என்று கேட்கவில்லை, லேத் என்ன விலைக்குப் போனது என்று கேட்கவில்லை. வக்கீலம்மா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் மீதி இருக்கிறதா என்று.

பட்டறை போய்விட்டது. நல்ல விலைதான். காலையில் எழுந்ததும் எங்கே போவது என்று தெரியாமல் குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் சுற்றிச் சுற்றிக் கூட்டுகிறாள். இன்னும் நாலு மாசம் இப்படியே இருந்தால் என்னையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடுவாள்.

தெரு அமைதி என்கிறாய். என் காதுக்கு எல்லாத் தெருவும் அமைதிதான். கடை திறந்துவிட்டார்களா? பஸ் உள்ளே வருகிறதா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இரண்டு வரியாவது எழுது.

தம்பி


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்கே பதில் இல்லை. உன் அலுவலகத்துக்கு வக்கீலம்மாவை விட்டுப் போன் செய்யச் சொன்னேன். "அம்மா கூட்டத்துல இருக்காங்க" என்றார்களாம். கூட்டத்தில் இருந்தால் உடம்பு சரியாகத்தான் இருக்கும்.

இப்போது ஒரு அவசரம். மேற்குப் புறத்து வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. ஒரு நர்ஸ் பெண்ணும் அவள் புருஷனும். அங்கே வரப்போகிற ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் என்று நம்புகிறார்கள். நாம் கட்டியதற்கு மேல் நூற்றுக்குப் பத்து சேர்த்துத் தருகிறார்கள், இந்த மாதக் கடைசிக்குள் மொத்தமாக. வக்கீலம்மா, "குடுத்துட்டு உங்க அக்கா வீட்டுப் பக்கமே ஒரு வாடகை வீடு பாருங்க. மிச்சப் பணம் பேங்க்ல கிடக்கட்டும்" என்கிறாள். எனக்கு இரண்டு மனசாக இருக்கிறது. நீ அந்த ஊர் இன்னும் வளரும் என்கிறாய். வளரும் என்றால் எதற்கு விற்பது?

நீண்ட கடிதம் வேண்டாம். விற்கட்டுமா, வேண்டாமா? ஒரு சொல் போதும்.

தம்பி


மே 17, அனுப்பாத கடிதம்

டேய்,

விற்றுவிடு. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே விற்றுவிடு.

மார்ச் மாதம் ஒரு மீட்டர்காரர் ஓய்வு பெற்றார். கடைசிக் கையெழுத்துக்காக என் அறைக்கு வந்தார். மேற்குப் புறம்தான் அவர் பொறுப்பு. மரியாதைக்கு, "அந்தப் பக்கம் அலைச்சல் ஜாஸ்தியோ?" என்று கேட்டேன். "அலைச்சல் என்னம்மா, பாதி வீட்டுல நாய்கூட குரைக்காது. பூஜ்ஜியம் பூஜ்ஜியம்னு எழுதிக்கிட்டே நடந்துடுவேன்" என்றார். என் மேஜைக்கு ஒரு பூஜ்ஜியம்கூட வந்ததில்லை. ஏன் தெரியுமா? ஆறு வருஷத்துக்கு முன்னால், மீட்டர்காரர்கள் வீட்டுக்குப் போகாமலே பூஜ்ஜியம் எழுதி ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். பூஜ்ஜியம் வந்தால் மீட்டர் பழுது என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதியின் சராசரி அளவைப் போட்டுப் பில் அனுப்பும்படி கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னேன். உத்தரவு என்னுடையது. வீடுகளை வாங்கிப் போட்டவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். சின்னப் பில், வங்கியிலிருந்து தானாகப் போய்விடும். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பழைய பூஜ்ஜியங்களை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன், பன்னிரண்டாயிரம் வீடு காலி. வீட்டுக்கு நான்கு பேர் என்று நாற்பத்தெட்டாயிரம் பேரை நானே குடிவைத்திருக்கிறேன். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறேன். உன் தெருவில் நாற்பத்தாறு வீட்டில் மூன்றில்தான் ஆள் இருக்கிறது.

மாவட்ட மன்றத் தலைவரிடமும் சட்ட அதிகாரியிடமும் மறுநாளே சொல்லிவிட்டேன். இப்போது வீடு வீடாகப் போய் எண்ணுகிறார்கள். ஆகஸ்டில் அறிக்கை வரும். அன்றைக்கு அந்தப் பக்கம் விலை விழுந்துவிடும். அதுவரை யாரிடமும், குடும்பத்திடம்கூட, மூச்சுவிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது உன்னிடம் மூச்சுவிட்டுவிட்டேன்.

உன் பட்டறை முழுவதும் அந்த வீட்டில்தான் கிடக்கிறது. அந்த நர்ஸ் பெண் யாரோ. அவள் தலையில் கட்டிவிடு என்று எழுதுகிறேன். எழுதிய பிறகும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெட்கமாகக்கூட இல்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி இருக்கிறது மனசு.

படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அக்கா


மே 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலம்.

வீடு உன்னுடையது. விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். இதில் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

வக்கீலம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். வீட்டை விற்கவில்லை. நர்ஸிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு ரொம்ப வருத்தம். கடைசித் தவணையையும் கட்டிவிட்டேன்.

வக்கீலம்மா மூன்று நாளாகப் பேசவில்லை. என் காதுக்கு அது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை என்று எழுதிச் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஆகஸ்ட் 22

அன்புள்ள தம்பிக்கு,

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். அதற்கு முன்னால் என் கடிதம் வந்திருக்க வேண்டும். வராதது என் தவறு.

செவ்வாய்க்கிழமை மன்றக் கூட்டத்தில் அறிக்கையை நானே வாசித்தேன். இருபத்தேழு பக்கம். குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தார்கள், குடிக்கவில்லை. உறுப்பினர் ஒருவர் எழுந்து, "அப்போ இத்தனை வருஷமா நீங்க யாருக்கம்மா பட்ஜெட் போட்டீங்க?" என்று கேட்டார். "இல்லாதவங்களுக்கும் சேர்த்துத்தாங்க போட்டேன்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

கட்டி முடித்த பள்ளிக்கூடங்களில் ஐந்து திறக்கப்படாது. ஆஸ்பத்திரி வராது. கடனை அடைக்க எல்லா வீட்டுக்கும் வரி ஏறும், உன் வீட்டுக்கும். நான் ராஜினாமா கொடுத்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷச் சாமான் ஒரு அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டது. துணை இயக்குநர் பெட்டியைக் கார் வரைக்கும் தூக்கி வந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "பார்த்துப் போங்க, மேடம்" என்றார். பார்த்துத்தான் வந்தேன்.

நீ மே மாதம் கேட்டபோதே எனக்கு எல்லாம் தெரியும். அதற்கு ஒன்றரை மாதம் முன்னாலேயே தெரியும். "விற்றுவிடு" என்று ஒரு கடிதம் எழுதிவிட்டு, அதை வைத்துக்கொண்டு, "உன் இஷ்டம்" என்று இன்னொன்று எழுதி அனுப்பினேன். உன் சேமிப்பு முழுவதையும் தெரிந்தே போகவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் நீ மறுபடி கேட்டாலும் அதே கடிதத்தைத்தான் அனுப்புவேன். அப்படிப்பட்டவள் கேட்கிற மன்னிப்பை நீ என்ன செய்வாய்?

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது.

அக்கா


செப்டம்பர் 27

அக்காவுக்கு,

குடி வந்து பதினெட்டு நாள் ஆகிறது. பதினைந்து நிமிஷத் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுகிறவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேரில் வந்தால் வாயில் வந்ததைப் பேசிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எதிர்வீடு பூட்டு, பக்கத்து வீடு பூட்டு. பஸ் பெரிய ரோட்டோடு திரும்பிவிடுகிறது. ஒரு தரகரிடம் விலை கேட்டேன். போட்டதில் மூன்றில் ஒரு பங்கு சொன்னான், அதையும் யோசித்துச் சொல்கிறேன் என்றான். திங்கட்கிழமையிலிருந்து ஒரு கம்பெனியில் மெஷின் பார்த்துக்கொள்ளப் போகிறேன். ஐம்பத்தைந்து வயதில் ஒரு பொடியனை "சார்" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் போச்சு.

நீ மேயிலேயே தெரியும் என்று எழுதினாய். எனக்கும் மேயிலேயே தெரியும். என்னவென்று தெரியாது, ஏதோ இருக்கிறது என்று தெரியும். நான் எங்கே படிக்க வேண்டும் என்று சொன்னது நீ. எந்த லேத் வாங்க வேண்டும் என்று சொன்னது நீ. வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இந்தப் பொண்ணுதான், பேசாம கட்டிக்கோ" என்றதும் நீ. என் சட்டை நிறத்தைக்கூட என்னிடம் விடாதவள், முதல் தடவையாக "உன் இஷ்டம்" என்கிறாய். படித்ததும் விற்கத்தான் போனேன். நர்ஸின் நம்பரை மூன்று தடவை எடுத்தேன். விற்றால் நீ அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நாளைக்கு ஏதாவது வெடித்தால், "இயக்குநர் தம்பிக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?" என்று உன்னை நிற்கவைத்துக் கேட்பார்கள். நீ வாயே திறக்கவில்லை என்று நான் தலையில் அடித்துச் சொன்னாலும் எவன் நம்புவான்? அதனால் விற்கவில்லை.

பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறது, உன்மேலும் என்மேலும்.

இதை வக்கீலம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவளும் சேர்த்த காசு அது. அக்காவுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்று அதைத் தண்ணீரில் விட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? மே மாதம் உன் கடிதம் வந்தபோது அவள் வெளியே போயிருந்தாள். நீ "விற்காதே" என்று எழுதியதாகச் சொல்லிவிட்டேன். ஆகஸ்டில் எழுதியதையும் அவள் கண்ணில் காட்டவில்லை. இப்போது அந்த மே மாதக் கடிதத்தைக் கேட்கிறாள். சாமான் மாற்றும்போது தொலைந்தது என்றேன். நம்பவில்லை. உனக்கே எழுதிக் கேட்கப்போகிறாளாம்.

என்ன பதில் எழுதுவது என்று நீயே பார்த்துக்கொள். நடந்ததை நடந்தபடி எழுதினாலும் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நீ பொய் எழுதி நான் பார்த்ததில்லை.

தம்பி


அக்டோபர் 9

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. தலைச்சுற்றல் இன்னும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, வெறும் வயிற்றில் போடாதே.

"ஆமாவா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க அண்ணி" என்று கேட்டிருக்கிறாய்.

ஆமாம். மே 17ஆம் தேதி நான்தான் தம்பிக்கு, "விற்காதே, விலை இன்னும் ஏறும்" என்று எழுதினேன். அவன் நீ சொன்னபடி விற்கத்தான் இருந்தான். எனக்கு அப்போதே விஷயம் தெரியும். தெரிந்தும் ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்பாய். என் தம்பி முன்கூட்டியே விற்றான் என்று ஊர் பேசினால் என் பேர் கெட்டுப்போகும் என்று பயந்தேன். என் பேருக்காக உங்கள் காசைப் போகவிட்டேன். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. எப்போதும்போல் அக்கா சொன்னதைக் கேட்டான், அவ்வளவுதான்.

அவனைத் திட்டாதே. திட்டுவதென்றால் நேரில் வந்து என்னைத் திட்டு. பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறேன்.

காது மெஷினுக்கு அவன் பணம் இல்லை என்பான். நான் வாங்கி அனுப்புகிறேன். மாட்டச் சொல்.

அண்ணி